பதினாலு

பத்து ஒரு பட்டையில்.
நாலு, கத்தரியால் வெட்டிய துண்டில்.
வெட்டியதில் தேதி இல்லையே என்றேன்.
மெடிக்கல் போஜன் கோபப்படாமல்
மீதிப் பட்டையைத் தேடி எடுத்து
வெளிச்சத்தில் காட்டினார்.

எட்டு நாள் காய்ச்சல் எனக்கு.
பாவாடை நாடா இறுகும் இடத்தில்
பீடி சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு.
என் உடம்பு, எனக்கே தெரியாது.
ஜெசிந்தா சிஸ்டர்தான் கண்டுபிடித்தாள்.
புல்லில் இருக்கும் பூச்சியாம், கண்ணுக்கே தெரியாதாம்.
கேத்தியில் கேரட் பிடுங்குகிறவள்
புல்லில் உட்காராமல் எங்கே உட்காருவாள்?

நாள் தள்ளியிருக்கா என்றார் டாக்டர்.
முன்னே எந்த மாத்திரைக்காவது உடம்பு தடித்ததா,
வேறென்ன மருந்து சாப்பிடுகிறாய் என்றார்.
பெண் பார்க்க வந்தவர்கள்கூட
இவ்வளவு கேட்கவில்லை.

முதல் மாத்திரையை
எச்சில் கூட்டி விழுங்கிவிட்டுப் படுத்தேன்.
நெஞ்சுக்கு நடுவில் நின்றுகொண்டது,
ஸ்டாப் வந்தும் இறங்காத ஆள்போல.
விடிய விடியத் தணல்.
காலையில் போனில் சிஸ்டர் திட்டினாள்:
ஒரு டம்ளர் நிறையத் தண்ணி,
அப்புறம் அரைமணி நேரம் நிமிர்ந்து இரு,
பாலோட வேண்டாம்,
அந்தச் சிவப்புச் சத்து மாத்திரைக்கும் இதுக்கும்
மூணு மணி நேரம் தள்ளி வை,
எரிச்சல் நிக்கலைன்னா ஓடி வா.
நின்றது.

மூன்றாம் நாள் வேர்த்துக் காய்ச்சல் இறங்கியது.
ஆறு குழி காலி. எட்டு மிச்சம்.
கம்பளியை உதறி மடித்தேன், எனக்கே நான் லேசாக.

அன்றைக்குத்தான் யோகேஸ்வரி வந்தாள்.
உனக்குத்தான் சரியாயிடுச்சே,
பையன் ராத்திரியெல்லாம் இருமுறான், ரெண்டு குடேன்.

உப்பு கொடுத்திருக்கிறேன், கையுறை, சார்ஜர்,
அவள் மாமனார் சாவுக்கு ஐந்நூறு ரூபாய்.
அவளும் எனக்கு, கணக்கில்லாமல்.
இது எனக்கு எழுதினது, அவனுக்கில்லை,
அவன் வேற, அவன் இருமல் வேற
என்று சொல்லியிருக்கலாம்.
வாயில் வந்தது: எண்ணி வச்சிருக்கேன்.

கஞ்சப்பிசினாரியின் சொல் அது.
சொன்ன பிறகுதான் கேட்டது எனக்கு.

வேலைக்குத் திரும்பிய ராத்திரி
நெற்றி லைட்டோடு பிக்கப்பில் ஏறினால்
என் இடத்தில் அவள் பை.
பின்னால் கூடைகளோடு உட்கார்ந்து போனேன்.

அந்தக் குழப்பத்தில் ஒரு வேளை விட்டுப்போனது.
மேட்டுப்பாளையம் லோடு கிளம்பி,
சேறு கழுவி நிமிர்ந்தபோது விடிந்துவிட்டது.
ரெண்டாய்ப் போட்டுச் சரிக்கட்டலாமா என்றேன் போஜனிடம்.
ஷட்டர் பாதி ஏறிய நிலையில் குனிந்து சொன்னார்:
விட்டது விட்டதுதான்.
எட்டு மணிக்கு ஒண்ணு, வழக்கம்போல.
கடைசி வரை முடி.

வெயில் ஆகாது என்றும் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
இந்தப் பனியில் வெயிலா என்று சிரித்தேன்.
பதினோரு மணிக்குப் புறங்கை
உரித்த கேரட்போல் சிவந்தது.
தம்பியின் முழுக்கைச் சட்டைக்குள் போனேன்.

இன்றைக்குக் கடைசி.
காலை எட்டு, கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில்
இட்லி, பாட்டில் தண்ணீர் முழுக்க.
உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன் என்று நிற்கிறேன்,
ராத்திரி முழுக்கக் குனிந்த முதுகோடு.

யோகேஸ்வரி வந்தாள். பையனை ஆஸ்பத்திரியில் காட்டினாளாம்.
மாத்திரையே தரலைடி,
ஆன்டிபயாடிக் தேவையில்லைன்னுட்டாங்க,
ஆவி பிடின்னு அனுப்பிட்டாங்க.
அதற்கும் என்மேல்தான் கோபம் போலிருந்தது.

ஏன் நிக்கறே?
படுக்கக் கூடாது.
இன்னும் எவ்வளவு நேரம்?
பத்து நிமிஷம்.

பையைக் கீழே வைத்தாள்.
பட்டையை என் கையிலிருந்து வாங்கி
வெளிச்சத்தில் பிடித்தாள்.
குழிகள் வழியே
கேத்திப் பள்ளத்தில் பனி விலகிக்கொண்டிருந்தது.
வெயில் வருது, கையை உள்ள இழு என்றாள்.