புளியரை, ஆறாம் மாதம்

லாரிகள் கேரளத்துக்கு மலையேற
லேப் மேசை அதிர்கிறது.
கண்ணாடித் தகட்டில்
வரப்புச் சேறு ஒரு சொட்டு.

கண்ணில்லை, மூக்கில்லை.
மேலெல்லாம் நாக்கு எனலாம்.
பாக்டீரியா கசியவிடும் ஃபோலிக் அமிலம்
எந்தப் பக்கம் இம்மி கூடுதலோ
அந்தப் பக்கம் வழிகிறது அமீபா,
வேண்டும்போது ஒரு கால் செய்துகொண்டு.
தப்பினால் அதை உள்ளிழுத்து
வேறொன்று.

காலையில் நர்ஸ் ஓமனா
"மறக்கல்லே" என்று அதட்டித் தந்த
மஞ்சள் மாத்திரையும்
இதேதான்.

லென்ஸிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
என் ரத்தத்தில் இப்போது
எந்தப் பக்கம் தூக்கல்?

வலது விலாவுக்குக் கீழே
ஒரு முட்டு.
அப்புறம் இன்னும் கொஞ்சம் மேலே.

தகட்டில் பாக்டீரியா தீர்ந்துவிட்டது.
அமீபா
எல்லாப் பக்கமும் கால் நீட்டி
எங்கும் போகாமல் இருக்கிறது.

அடுத்த லாரி.