மூன்று வரி இடம்

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி:
ஊழியத்துக்கு நீங்கள் எப்போது அழைக்கப்பட்டீர்கள்?
கீழே மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

என் பெயர் எப்சிபா. வயது இருபத்திரண்டு.
பிறந்தது நாசரேத்,
இயேசுவினுடையது அல்ல,
திருச்செந்தூர் ரயில் நிற்கும் நாசரேத்.
வளர்ந்தது கனடாவில், மூஸ் ஜா.
இதற்கே இரண்டு வரி போய்விடும்.

ஏழு வயதில் எனக்கு ஒரு தொப்பி வேண்டியிருந்தது,
படங்களில் மிஷனரிகள் போட்டிருப்பார்களே, அது.
ஒரு கழுதை, ஒரு பெட்டி காய்ச்சல் மருந்து,
என்னைக் கண்டதும் ஓடிவர ஊர் நிறையப் பிள்ளைகள்.
ஆள் கிடைக்காமல் தம்பி கிதியோனைப் பிடித்தேன்.
எங்கள் சபையில் தெளிப்பு ஞானஸ்நானம்தான்.
நான் குளியல் தொட்டியில் முழுக்கினேன், மூன்று தரம்.
நாலாம் தரம் கடித்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வந்து
அம்மா உலை வைக்கும்போதெல்லாம்
மிஷனுக்கென்று ஒரு பிடி அரிசி
பழைய காப்பி டப்பாவில் விழும்.
ஊரில் அதை வாங்கிப்போக ஆள் வரும்.
இங்கே யார் வருவார், இந்தப் பனியில்?
டப்பா நிறைந்தது. இன்னொரு டப்பா வந்தது.
அது என் பயணத்துக்கான கட்டுச்சோறு என்று
நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ராத்திரியில் சாமுவேல் மாதிரி விழித்துக் கிடப்பேன்.
நிலவறையில் ஃபர்னஸ் உறுமி எழும்.
அடியேன் என்று எழுந்து உட்காருவேன்.
ஃபர்னஸ்தான்.
அந்தக் குளிர்காலம் முழுக்க ஃபர்னஸ்தான்.

ஞாயிறு பள்ளியில் ஃப்ரீசன் டீச்சர்
அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்பினார்.
சுவிசேஷம் எட்டாத ஜனங்கள்,
ஆளுக்கு ஒன்று, வாரம் முழுக்க ஜெபிக்க.
என் அட்டையில் சேலை கட்டிய ஒருத்தி
இடுப்பில் குடத்தோடு நின்றாள்.
கீழே எழுதியிருந்தது: தமிழர்.
"எட்டியாச்சு டீச்சர்" என்றேன்,
"எங்க தாத்தாவோட தாத்தாவுக்கே எட்டியாச்சு."
முகம் சிவந்து வேறொன்று தந்தார்.
நான் இரண்டையும் வைத்துக்கொண்டேன்.
குடக்காரிக்காக ஜெபிக்கத் தொடங்கி
அம்மாவுக்காக முடித்தேன், பகலில் அவளுக்குத் தூக்கம் வர.

நான்காம் வகுப்பில் ரேலின் என் பக்கத்து நாற்காலி.
க்ரீ பிள்ளை. இடுப்புவரை சடை.
இடைவேளையில் பனிக்குவியல்மேல் ஏறி நின்று
ஆண்டவரைப் பற்றி அவளுக்குச் சொன்னேன்,
சிலுவை, கல்லறை, மூன்றாம் நாள், எல்லாம்.
முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்:
"எங்க அம்மாவோட மாமாவை அவங்கதான் கூட்டிட்டுப் போனாங்க.
அந்தப் பள்ளிக்கூடத்தில முதல் நாளே சடையை வெட்டிட்டாங்க.
க்ரீயில பேசினா வாயில சோப்பு."
கோபமே இல்லை.
பென்சில் கேட்பதுபோலத்தான் சொன்னாள்.

குவியலிலிருந்து இறங்கினேன்.
இறங்கியதில் இடது கையுறை எங்கோ புதைந்துபோனது.
மைனஸ் முப்பத்தொன்று. மணியும் அடித்தாயிற்று.
தோண்டத் தோண்ட விரல்கள்
வேறு யாருடையவையோ ஆகிக்கொண்டிருந்தன.

"எப்ஸி."

திரும்பினேன்.
தன் இடது கையுறையைக் கழற்றி நீட்டினாள்.
வெறுங்கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு
முன்னால் நடந்தாள்.
கையுறைக்குள் அவள் சூடு மிச்சமிருந்தது.

அந்தத் தொப்பி இப்போதும் கொஞ்சம் வேண்டும்தான்.
விண்ணப்பத்தில் பொய் சொல்லக்கூடாது.
அம்மாவிடம் கேட்டேன், என்ன எழுத என்று.
"தேதியைப் போடு, போதும்" என்றாள்,
டப்பா அரிசியைத் தாளில் கொட்டி
வண்டு பொறுக்கியபடி.

பிப்ரவரி, ஒரு செவ்வாய், என்று எழுதினேன்.
யார் அழைத்தது என்று அவர்கள் கேட்கவில்லை.

எட்டாவது கேள்வி: வாகனம் ஓட்டத் தெரியுமா?
தெரியும்.
பனியிலும்.