கடைவாய் வால்வு

ஞாயிறு. கிளினிக் கிடையாது.
கோட்டையூரில் வீட்டின் பின்வாசல் ஷெட்டில்
பானெட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்தேன்.
சிவப்பு வண்டி, இரண்டே இருக்கை.
"நாலு பேரு ஏற முடியாத காரு என்னத்துக்கு ஆச்சி?" என்று
பங்காளி வீடுகள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன வண்டி.

மூன்று வாரமாக நின்றால் குலுங்குகிறது.
ஆயில் குடிக்கிறது.
ஆயில் மூடியைத் திறந்தால்
அடக்கிவைத்த ஏப்பம் மாதிரி ஒரு புகை.

மதுரை ஒர்க்‌ஷாப்காரர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்:
"மேலே பாதியைக் கழட்டணும் மேடம்.
ரெண்டு நாள். இருபத்திரண்டாயிரம்."
வால்வின் விலை அறுநூற்று நாற்பது.
சுண்டுவிரல் நீளம்.
என்ஜின் வயிற்றில் சேரும் ஆவியை
அதன் தொண்டைக்கே திருப்பி அனுப்பும்
ஒருவழிக் கதவு, அவ்வளவுதான்.
அதைக் கொண்டுபோய் வைத்த இடத்தைப் பாருங்கள்:
காற்றுக் குழாய்களுக்கு அடியில், என்ஜினுக்குப் பின்னால்,
மூன்று விரற்கடைச் சந்தில்.
இதை வரைந்தவருக்குக் கை இருந்திருக்காது.

டார்ச் பிடிக்க நாச்சியப்பன்.
அவர் பார்க்கிற இடத்துக்கெல்லாம் வெளிச்சம் போகிறது.
நான் பார்க்கிற இடத்துக்கு வரவில்லை.
"உன் கிளினிக்கில அந்தப் பொண்ணு எப்படித்தான் பிடிக்குது?"
"வாயை மூடிக்கிட்டு."

உள்ளே போய் என் பையைத் திறந்து
வாய்க் கண்ணாடியை எடுத்துவந்தேன்.
பத்தொன்பது வருஷமாக
இடத்தை வலமாகப் பார்த்தே சம்பாதித்தவள்.
சாய்த்துப் பிடித்ததும் தெரிந்துவிட்டது:
கறுத்து, கறையேறி, ஈறுக்குள் பாதி புதைந்து
வெற்றிலை போடுகிறவரின் கடைவாய்ப் பல்.

இடது கையை விட்டேன். விரல் போனது, புறங்கை போனது,
மணிக்கட்டு போகவில்லை.
திரும்பியும் வரவில்லை.
"சோப்புத் தண்ணி கொண்டாரவா?"
"கொண்டாங்க."
டார்ச்சோடு போய்விட்டார்.

இருட்டில், குனிந்தபடி, ஒரு காருக்குக் கை கொடுத்து நின்றேன்.
பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்தது.
அப்போதுதான் உறைத்தது,
கீழ் இடது கடைசிப் பல்லை
எந்த நாளிலும் நான் பார்த்துப் பிடுங்கியதில்லை.
விரலைத் தளர்த்தினேன். கிளிப் அகப்பட்டது.
இழுத்தால் முறியும்.
அசை. பொறு. அசை.
கொஞ்சம் திருகு. பொறு.
வழவழவென்று கைக்குள் வந்து விழுந்தது.

சோப்புத் தண்ணீர் வந்தபோது
காதருகே பழைய வால்வை ஆட்டிக்கொண்டிருந்தேன்.
நல்லதாக இருந்தால் டிக்டிக்கென்னும்.
இது ஊமை.
ரப்பர் வளையத்தில் ஒரு துண்டு காணோம்.

என்ஜினுக்குள் விழுந்திருந்தால்?
கண்ணாடியைவிட்டு, காந்தக் குச்சி விட்டு
(ரப்பர் காந்தத்துக்கு வராது என்று அவர்தான் சொன்னார்),
சாப்பாடு ஆறி, மணி மூன்றரை.
"உன் முழங்கையில என்னது?" என்றார்.
அங்கேதான் ஒட்டியிருந்தது.
அரை அரிசி அளவு.
இரண்டு பேரும் சிரிக்கவில்லை, அப்போது.

புதியது நாலே நிமிஷத்தில் உட்கார்ந்தது.
தட்டில் ஒரு ஸ்க்ரூ மிச்சம். எதற்கென்று தெரியவில்லை.
அதைக் காகிதத்தில் மடித்து டேஷ்போர்டில் போட்டேன்.

சோதித்துப் பார்க்கப் பள்ளத்தூர்ப் பக்கம் கிளம்பினோம்.
ரயில்வே கேட் மூடியிருந்தது.
என்றைக்கும் வையும் கேட்.
நியூட்ரலில் நிறுத்திக் கையை எடுத்தேன்.
குலுக்கல் இல்லை.
முள் எண்ணூறில் நின்று, அங்கேயே நின்றது.
அவர் பாட்டில் தண்ணீரைத் திறந்து பிடித்தார்;
மேற்பரப்பில் வட்டம்கூட எழவில்லை.

ரயில் போனது. கேட் ஏறியது.
நான் கியர் போடவில்லை.
பின்னால் வைக்கோல் ஏற்றிய டெம்போ
ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.