ஆல்பேட்டை செக்போஸ்டில் ஒரு ஜோடி

பெயரில்தான் கிளிப் இல்லை.
கிளிப்லெஸ்.
அடியில் ஒரு இரும்பு நாக்கு,
பெடலைத் தொட்டதும் டக்கென்று கவ்விக்கொள்ளும்.
கவ்வுகிற ஒன்றுக்கு
இப்படிப் பெயர் வைத்தவன்
வட்டிக்கு விடுகிறவனாக இருக்கணும் என்றேன்.
தன்ஷிகா சிரிக்கவில்லை.
மாவட்டப் போட்டிக்குப் பதினெட்டு நாள்.

"மத்தவங்க மிதிச்சுட்டு மேலயும் இழுக்கறாங்கப்பா.
நான் மிதிக்க மட்டும் மிதிக்கறேன்."
அல்போன்ஸ் சார் சொல்லியிருப்பார்.
சொன்னவர் விலை சொல்லவில்லை.

அன்றிரவு டிக்கெட் மெஷினில்
நாள் வசூலை இரண்டாம் முறை அடித்தேன்.
நீளச் சீட்டு.
தரையில் விரித்து அவள் காலை வைத்தேன்.
குதிகால் முதல் நடையில்,
கட்டைவிரல் சரியாக 'மொத்தம்' என்ற இடத்தில்.
அந்த வரியோடு கிழித்து
நான்காக மடித்து வைத்துக்கொண்டேன்.

புதுச்சேரி நிலையத்தில் வண்டி நாற்பது நிமிஷம் நிற்கும்.
டிரைவர் டீ குடித்து, பல் குத்தி,
கண்ணாடியைத் துடைப்பதற்குள்
நேரு வீதி, மிஷன் வீதி,
ஒரு நாள் லாஸ்பேட்டை வரை.
"முப்பத்தொம்பதுக்குக் கீழ வராதுங்க."
"இதெல்லாம் பெரியவங்க போடறது."
ஒருவர் நடந்தால் விளக்கெரியும் ஷூ காட்டினார்.
இன்னொருவர் எட்டாயிரத்து ஐநூறு என்பதை
மெதுவாகச் சொன்னார்,
நோயின் பெயரைச் சொல்கிற டாக்டர்போல.
ஞாயிற்றுச் சந்தையில் அளவு சரியாக ஒன்று கிடைத்தது,
இடது மட்டும்.
"வலது அடுத்த வாரம் வரும்" என்றான்,
கடல் ஒதுக்கிவிடும் என்பதுபோல.

கடைசியில் குருசுக்குப்பம்.
மாடிப்படியில் சைக்கிள் மாட்டிய வீடு.
"ஆறு மாசம்தான் போட்டான். இப்ப நாப்பத்திரண்டு"
என்றார் ஃபிலோமினா அம்மா,
மகனின் காலைப் பெருமையாகவும் புகாராகவும்.
முப்பத்தாறு. ஒரு சைஸ் பெரிசு.
ஒரு பட்டை ஒட்டாது.
தோள்பையில் ஆறாயிரத்துச் சொச்சம் கனத்தது,
அது முதலாளியுடையது.
சட்டைப்பையில் ஆயிரத்து நானூறு,
அது என்னுடையது,
கேஸ்காரரைக் கேட்டால் இல்லையென்பார்.
இரண்டு முறை எண்ணி வாங்கிக்கொண்டார்.
பிறகு உள்ளே போய்
இரண்டு திருகாணி கொண்டுவந்தார்.
"எதுக்குன்னு தெரியல. வச்சுக்கங்க."

ஆல்பேட்டையில் வண்டியை நிறுத்தினார்கள்.
புதுச்சேரியிலிருந்து வருகிற பையெல்லாம்
பாட்டில் என்றே பிறந்தவை.
என் சீட்டுக்கடியில் கைவிட்ட காவலர்
ஷூவை எடுத்தார், உள்ளே துழாவினார்,
பழக்கதோஷத்தில் மோந்தும் பார்த்தார்.
முகம் போன போக்கில் பஸ்ஸே சிரித்தது.
அடியிலிருந்த இரும்பைத் தட்டி,
"என்னய்யா, குதிரைக்கா?"
"பொண்ணுக்கு சார்."

இரண்டு சாக்ஸ் போட்டு
சில்வர் பீச் ரோட்டில் ஏறினாள்.
டக்.
இன்னொரு டக்.
அந்தச் சத்தத்தைக் கேட்க
நான் தள்ளிப் போய் நின்றேன்.
திரும்பி வந்து சுண்டல் வண்டியருகே பிரேக் பிடித்தாள்,
கால் பூட்டியிருப்பது மறந்து.
கூட்டமான பஸ்ஸில் சாய்வார்களே,
அவ்வளவு மெதுவாகச் சாய்ந்தாள்,
தாங்கக் கூட்டமில்லாமல்.
கீழே கிடந்தபடி
இன்னும் சைக்கிளில் இருந்தாள்.
"நிக்கறதுக்கு முன்னாடியே எறங்கணும்போல" என்றாள்.
இருபது வருஷமாகப் படிக்கட்டில்
அதற்கு நேர்மாறாகக் கத்துகிறேன்.

போட்டியில் இருபத்திமூன்று பேரில் பதினொன்று.
அதைப் பற்றி அவளும் பேசவில்லை.

நேற்று சட்டை துவைக்கப் போடும்போது
அந்தச் சீட்டு கிடைத்தது.
வெயிலில் எழுத்து பாதி போயிருந்தது.
சும்மாதான், காலை வை என்றேன்.
விரல் மொத்தத்தைத் தாண்டிக்
காகிதம் இல்லாத இடத்தில் இருந்தது.

"நகம்ப்பா" என்றாள் அவசரமாக.
"வெட்டிக்கறேன்."