ஆறாம் பக்கம், கீழ்மூலை

நாளைய ‘வரலாற்றில் இன்று’
இன்றிரவே அச்சுக்குப் போகவேண்டும்.
பதினோரு வருஷமாக என் பொறுப்பில் அந்தப் பெட்டி,
இரண்டு விரல் அகலம், எட்டு வரி.
காகிதம் வரவில்லை என்று
பன்னிரண்டு பக்கம் எட்டாகச் சுருங்கிய வாரம்
எட்டு வரியும் மூன்றாயிற்று.

ஏப்ரல் ஐந்து.
போன் வெளிச்சத்தில் பழைய கோப்பைப் புரட்டுகிறேன்.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க
மத்தியானம் கான் தூக்கிக்கொண்டு போன சுதர்மன்
இன்னும் வரிசையில்தான் நிற்கிறான்.

1930. தண்டிக் கடற்கரைக்கு நடந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள்.
உப்பு மறுநாள்தான்.
ஒருமுறை ஐந்தாம் திகதியே அள்ளவைத்துவிட்டேன்,
மட்டக்குளியிலிருந்து மட்டும் மூன்று கடிதம்.

1942. உயிர்த்த ஞாயிறு.
பூசை முடிந்தும் முடியாத காலையில்
கொழும்புக்கு மேலே ஜப்பானிய விமானங்கள்.
துறைமுகம், இரத்மலானை என்று எழுதி
முற்றுப்புள்ளி வைத்துவிடலாம்.
சல்தீன் வைக்கவிடமாட்டார்.

கொம்பனித்தெருவிலிருந்து
ஒவ்வொரு ஏப்ரல் நாலாம் திகதியும் கோல் எடுப்பார்.
“மிஸ், அங்கொடையப் போடுங்க.
எண்ணெய்த் தாங்கியெண்டு நினைச்சு
பைத்திய ஆஸ்பத்திரியில போட்டானே, அதப் போடுங்க.
எங்கட வாப்பாட தாத்தா அங்கதான் இருந்தா.
கப்பல்ட பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கான்,
அவட பேர ஒருத்தனும் எழுதல்ல.”
பேர் என்ன என்று முதல் வருஷம் கேட்டேன்.
ஸித்தி ஜுனைதா.
குறித்துக்கொண்டேன். போடவில்லை.
பெட்டியில் ஆஸ்பத்திரிக்கே இடம் போதாது.

1971. இரவு. பொலிஸ் நிலையங்கள்.
‘கிளர்ச்சி வெடித்தது.’
இரண்டு சொல், வசதியான சொற்கள்.
அந்த மாதத்துப் பிரதிகளில் தலைப்பெல்லாம் ஊரடங்கு,
அடியில் அரைப்பக்கம்
புத்தாண்டுச் சேலை மலிவு விற்பனை.
களனி கங்கையில் மிதந்து வந்த பிள்ளைகளை
எந்தத் திகதியில் போடுவது?
வந்த திகதியா, தள்ளிவிட்ட திகதியா?
என் கோப்பில் அவர்களுக்கு நாள் இல்லை.

கீழே, ஆமர் வீதிச் சந்தியில்
பானையைத் தட்டிக்கொண்டு சனம் போகிறது.
நேற்றுவரை ஊரடங்கு.
இதையும் ஒருநாள் எவளோ ஒருத்தி
ஒரு வரிக்குள் மடிப்பாள்.
மடிக்கும்போது பானைச் சத்தம் முதலில் போகும்.

ஒன்பதரைக்கு போன்.
“மிஸ், சல்தீன்.”
“அங்கொடை போடுறன், நீங்க சொல்லவே வேணாம்.”
“அது இல்ல மிஸ்.
நாளைக்கு எங்கட பக்கம் கரண்ட் எப்ப போகும்?
மகள்ட புள்ளைக்கு மூச்சுக்கு மெஷின் வைக்கணும்.
பேப்பர்ல போடுற எழுத்து
கண்ணுக்குத் தெரியுதில்ல.”

மின்வெட்டு அட்டவணையைத் தேடினேன்.
எனக்கும் தெரியவில்லை.
போனை அருகில் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தேன்.
“அப்ப எட்டுக்கே வெச்சிரணும்” என்றார்,
என்னிடம் இல்லை, பக்கத்தில் யாரிடமோ.
வைத்துவிட்டார்.

செய்தி ஆசிரியர் குலவீரசிங்கம் இருட்டில் முட்டிக்கொண்டு வந்தார்.
“உன்ர பெட்டிய எடு பிள்ளை.
அட்டவணைக்கு எழுத்தைப் பெரிசாக்கோணும்,
சனம் திட்டுது.”
போன மாதம் மூன்று வரிக்காக
இவரோடு கத்தியவள் நான்.
ஓம் என்றேன்.

பத்தேகாலுக்கு வெளிச்சம் வந்தது.
எழுத்தைப் பெரிதாக்கினேன்.
வலயம், இடம், நேரம்.
மூன்று நிரலும் நிறைந்து
கடைசியில் ஒரு வரி வெற்றாகக் கிடந்தது.
யாரையும் கேட்கவில்லை.

அங்கொடை. ஸித்தி ஜுனைதா. 1942.

காலையில் சிலர் குழம்புவார்கள்.
அங்கொடையில் ஒரு வீட்டிலாவது
அதை மின்வெட்டு நேரம் என்றே எடுத்து,
இரவு ஏழு நாற்பத்திரண்டுக்கு
தீப்பெட்டியைத் தேடிவைத்துக்கொண்டு
காத்திருப்பார்கள்.