நூற்றுக்குப் பதினைந்து

ஓர் ஊரில் வேலைக்குப் போகிறவர் நூறு பேர்,
அதில் பதினைந்து பேர் பட்டணம் போய்த் திரும்பினால்
அந்த ஊரும் பட்டணத்தில் சேர்த்தி
என்கிறது கைப்புத்தகம், நான்காம் பக்கம்.
பதினாலு என்றால் இல்லை.

அதற்காகத்தான் தடா நிலையத்தில்
நாலே முக்கால் வண்டிக்கு முன்னால் நிற்கிறேன்.
கழுத்தில் அட்டை, கையில் படிவம்,
கொசுவுக்குத் துப்பட்டா.
எங்கே வீடு, எங்கே வேலை, எத்தனை நிமிடம்.
மூன்றே கேள்வி.
மூன்றுக்கும் நேராகப் பதில் சொன்னவர்
இந்த வாரம் அபூர்வம்.

ஏகவல்லிக்கு வீடு கும்மிடிப்பூண்டியில்.
இந்தப் பக்கத்துக் கம்பெனியில் இரவெல்லாம்
செல்போனுக்கு முதுகு பொருத்துகிறாள்.
எல்லோரும் வேலைக்குப் பிடிக்கிற வண்டி
அவளுக்கு வீட்டுக்குப் போகிற வண்டி.
"எந்த ஊர்னு போட்டுக்குவீங்க?
நான் தூங்குறதே இதுலதான்."
போகுமிடம் என்ற கட்டத்தில்
சென்னை என்று முன்பே அச்சடித்துவிட்டார்கள்.
அவளை ஓரத்தில் எழுதினேன்.
ஓரம் கூட்டலில் வராது.

பெஞ்சலம்மாவின் ஈரச் சாக்குக்குள்
கால் கட்டிய ஏரி நண்டுகள் கரகரக்கின்றன.
எத்தனை நிமிடம் என்றால் சிரிக்கிறாள்.
"கொருக்குப்பேட்டை வரைக்கும் உசுரு இருக்கும்மா.
அதுக்கு முன்னாடி சிக்னல்ல போட்டுட்டான்னா
பாதி செத்துரும், பாதி வெல.
அதுக்கு அப்பால எனக்கு மெட்ராஸே இல்ல."
எல்லை: நண்டு சாகும் வரை
என்று எழுதி அனுப்பினேன்.
மேற்பார்வையாளர் ஜோஸ்லின் மேடம்
சிவப்பில் அடித்து, 'நிமிடத்தில்' என்றார்.

தடாவை விட்டதும் எல்லார் பையிலும்
செல்போன் ஒருமுறை துடித்து
இன்னொரு மாநிலத்துக்கு நல்வரவு சொல்கிறது.
யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.
சீட்டாட்டத்தில் ஒரு சீட்டு தயங்குவதில்லை.
ஆரம்பாக்கத்தில் தமிழ்நாடு ஆரம்பம்,
எதிர் வண்டிக்கு அதே பெயரில் முடிவு.

சுண்ணாம்புமேட்டில் உழைக்கிறவர் நானூற்றுப் பன்னிரண்டு.
அறுபத்திரண்டு வேண்டும்.
ஆறு நாளாகக் கிழித்த கோடுகளை
ஐந்தைந்தாகக் கட்டி எண்ணினேன்.
அறுபத்தொன்று.
மறுபடியும் எண்ணினேன், ஏதோ
என் சொந்தப் பணம் குறைந்ததுபோல.

உள்ளே விழுந்தால் இன்னொரு வண்டி வரலாமாம்.
சென்ட் விலையும் ஏறுமாம்.
பெஞ்சலம்மா வலை உலர்த்தும் மணல்
யார் பெயரில் இருக்கிறது என்று
அன்றைக்குத்தான் யாராவது தேடுவார்கள்.

மீதி இருப்பது மஸ்தானையா.
அதே ஊர். தினமும் இதே வண்டி.
ஆறரைக்குத் திருவொற்றியூர் முச்சந்தியில்
கரணையும் மட்டப்பலகையுமாக நிற்பான்.
யாராவது கைகாட்டினால் அன்றைக்குக் கொத்தனார்.
காட்டாவிட்டால் பத்து மணி வண்டியில் திரும்பி வரும்
வெறும் டிபன்பாக்ஸ்.
"வேலை செய்யும் இடம்?"
"கெடச்சா, கெடச்ச எடம்."
வேலைக்குப் போகிறவனுக்குக் கட்டம் உண்டு.
வேலை தேடிப் போகிறவனுக்கு
நான்காம் பக்கத்திலும் இல்லை, பிற்சேர்க்கையிலும் இல்லை.
இரண்டு பேருக்கும் சீசன் டிக்கெட் ஒரே விலை.

இன்று தூறல். வண்டி தாமதம்.
அவன் என் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்த்தான்.
"எழுதிட்டீங்களாக்கா,
எனக்கு வேல இருக்குன்னு?"

பென்சிலால், என்றேன்.

சரி என்று தலையாட்டி
கரணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
வண்டி நிற்பதற்குள்
கம்பியைப் பிடித்துவிட்டான்.