பூளைப்பூ ரசீது

போன வருசம் வெறும் கவர் கொடுத்தோம்.
அறுநூறு போனது, நாற்பத்தொன்று திரும்பியது.
ஒன்றில் பழைய பஸ் டிக்கெட்.

இந்த வருச யோசனை என்னுடையது.
நூல் கம்பெனியில் பதினாறு வருசம்
சாம்பிள் அனுப்பியே ஆர்டர் பிடித்தவள் நான்.
வெறுங்கையோடு நின்றால்
கதவுச் சங்கிலி கழலாது.
போகிக்கு ஒரு காப்புக் கொத்தை நீட்டினால்
"உள்ள வாங்க"தான்.

பொருளாளர் சென்னியப்பன் ஒத்துக்கொண்டார்.
"அமரர் ஊர்தின்னு மட்டும் சீட்டுல போடாதீங்க அம்மிணி,
நோம்பி நாளும் அதுவுமா."
ஊர்தி என்று மட்டும் அச்சடித்தோம்.
இலவசம் என்பது கொட்டை எழுத்தில்.

மார்கழி இருபத்தெட்டு, விடிகாலை.
விஜயமங்கலம் தாண்டிப் புறம்போக்கில்
பூளைப்பூ கிடந்தது,
யாரோ பஞ்சு மூட்டையை உதறிவிட்டுப் போன மாதிரி.
வேலியோரம் ஆவாரை. வேப்பிலைக்குப் பஞ்சமில்லை.
நாச்சிமுத்து அறுக்க, நான் அடுக்கினேன்.
பனியன் கட்டிங் வேஸ்ட்டில் சிவப்பும் பச்சையுமாய் நாடா கிழித்து
அவர் போட்ட முடிச்சு ஒரு தினுசு:
இரண்டு சுற்று, ஒரு மடக்கு, இழுக்க இழுக்க இறுகும்.
ஸ்ட்ரெச்சர் வாருக்குப் போட்டுப் பழகிய கை.

திருப்பூருக்கு ஏற்றிவர டெம்போக்காரர்
இரண்டாயிரம் கேட்டார்.
எங்களிடம் ஒரு வண்டி இருந்தது.
கழுவினோம். மறுபடியும் கழுவினோம்.
நாச்சிமுத்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார்.
பிறகு கண்ணாடிக் கதவைத் திறந்து
வழக்கமாய் ஒருவர் படுக்கும் இடத்தில்
மஞ்சளும் வெள்ளையுமாய் அடுக்கினோம்.
இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வண்டியைத் தெருமுனையில் மறைத்து நிறுத்திவிட்டு
ராயபுரம், அனுப்பர்பாளையம், ஊத்துக்குளி ரோடு.
"எந்த ஸ்கூல் வண்டிங்க?" என்றார் ஒரு வீட்டம்மா
ஐம்பது ரூபாயை நீட்டியபடி.
எனக்குப் பொய் நன்றாக வரும். அன்றைக்கு வரவில்லை.
"கடைசியா போற வண்டிங்க" என்றேன்.
கை நின்றது. உள்ளே போனது. நூறாய்த் திரும்பியது.
பயமா பரிவா,
ரசீதில் அதற்குக் கட்டம் விடவில்லை அச்சகத்தார்.

ஒரு வீட்டில் கொத்தை வாங்கிக்கொண்டு சீட்டைத் திருப்பினார்கள்.
சிலுவை மாட்டிய வாசலில் கொத்தைத் திருப்பிவிட்டு
இருநூற்றொன்று வைத்த கவரைத் தந்தார்கள்.
ஒடிசாப் பையன்கள் எட்டுப் பேர் தங்கிய அறையில்
சீட்டைப் படிக்கவே இல்லை, ஆளுக்குப் பத்து எண்ணினார்கள்.
ஐப்பசி மழையில் அவர்களில் ஒன்பதாமவனை
விமானம் வரை கொண்டுபோனது
நாச்சிமுத்துதான்.
கொத்தை எங்கே கட்டுவதென்று தெரியாமல்
மீட்டர் பெட்டியில் கட்டினான் இருப்பதில் சின்னவன்.

மாடியில் நாலாம் நம்பர் வீடு
"அப்புறம் பாக்கலாங்க" என்று கொத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.
என் நோட்டில் அதற்கு ஒரு கோடு.

இருநூற்று முப்பத்துமூன்று கவர் சேர்ந்தது.
கூட்டத்தில் எனக்குக் கைதட்டல்.
சித்திரைக்குப் பனை விசிறி என்று அங்கேயே முடிவானது.

மாசிக் கடைசியில் ஓர் இரவு, இரண்டு மணி,
அந்தக் கோடு போட்ட வீட்டிலிருந்து போன்.
போய்வந்த நாச்சிமுத்து மறுநாள் டீ ஆற்றியபடி சொன்னார்:
"நிலைக்கு மேல நம்ம கொத்துங்க. காஞ்சு சருகாயிருச்சு,
முடிச்சு மட்டும் அப்படியே இருக்குது.
அதுல இடிச்சறாம
கொஞ்சம் குனிஞ்சு தூக்குங்கன்னு சொன்னனுங்க."

கோட்டை நான் அழிக்கவில்லை, நிரப்பவுமில்லை.
செலவுப் பக்கத்தில்
டீசல் முந்நூற்று நாற்பது என்று எழுதினேன்.

விசிறி வந்து இறங்கிவிட்டது.
சீட்டில் இந்தத் தடவை
வண்டியின் முழுப் பெயரையும் போடலாம் என்றேன்.
சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றி
வேட்டி நுனியில் வெகுநேரம் துடைத்தார்.
வேண்டாமென்று சொல்லவில்லை.